சாவீட்டுக் காட்சியை வெட்டுங்கள்

கேள்வி: பரீட்சையில் தோற்று உயிரை மாய்த்துக்கொள்ளும் பையனைப் பற்றித் தரம் 10 மாணவருக்கு ஒரு நாடகம் பழக்கியிருக்கிறோம். கடைசிக் காட்சி சாவீடு. ஒத்திகையில் ஆசிரியர்களே அழுதுவிட்டார்கள். மனநல விழிப்புணர்வாகக் காலைக் கூட்டத்தில் முழுப் பாடசாலைக்கும் போடலாமா?
- ஆசிரியை ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: போடாதீர்கள். ஆசிரியர்கள் அழுதது நடிப்புக்கு. உள்ளுக்குள் நொந்துபோயிருக்கும் பிள்ளையோ, ‘செத்தால்தான் எனக்காக அழுவார்கள்’ என்று கணக்குப் போடும். ஒப்பாரியும், சவத்தடியில் மனம் திருந்தும் அப்பாவும் போகட்டும். சாவும் அதன் வழியும் மேடைக்கு வரவே கூடாது.

முன்பாதி நல்ல சரக்கு. அதை எட்டு நிமிடத்துக்குச் சுருக்கி, பையன் தேர்ச்சி அறிக்கையைப் புத்தகப்பைக்குள் ஒளித்து, “சாப்பாடு வேண்டாம்” என்று கதவைச் சாத்தும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு மறுபடி ஓட்டுங்கள். பார்க்கும் பிள்ளை “நிறுத்து” என்று சொல்லி, பையனின் இடத்திலோ நண்பனின் இடத்திலோ ஏறி வேறு விதமாக நடந்து பார்க்கலாம். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த மன்ற அரங்கு இதுதான். அப்பாவின் இடத்தில் மட்டும் யாரையும் ஏற விடாதீர்கள். மேடை அப்பா நொடியில் தெய்வமாகிவிடுவார். வீட்டு அப்பா அப்படியேதான் இருப்பார். நம் கூத்தின் கட்டியகாரனைப்போல ஒருவர் நடுவில் நின்று, “இப்படிச் சொன்னால் உங்கட வீட்டில எடுபடுமா?” என்று சபையைக் கேட்கவேண்டும். பதிலை அவர் சொல்லக்கூடாது. ஆசிரியர்களுக்கு வாயை அடக்குவதுதான் இதில் பெரும்பாடு.

காலைக் கூட்டத்தில் இது நடக்காது. ஒரு வகுப்பு, நாற்பது பேருக்குள், அடுத்தடுத்த இரண்டு பாடவேளை. முதல் பத்து நிமிடம் கூச்சம் போக விளையாட்டு. கடைசி இருபது நிமிடத்தை எதற்காகவும் கடித்துவிடாதீர்கள். நடித்தவர்கள் பாத்திரத்தைக் கழற்றவேண்டும்: சால்வையை மடித்து வைத்து, சொந்தப் பெயரைச் சொல்லி, இன்று காலை என்ன சாப்பிட்டோம் என்றாவது சொல்லட்டும். மணி அடித்துவிட்டதென்று அப்படியே அனுப்பினால், நடித்த பிள்ளை தோற்ற பையனாகவே கணிதப் பாடத்தில் போய் உட்காரும்.

வீட்டில் அதே பிரச்சினை உள்ள பிள்ளைக்கு, “இவன் தத்ரூபமாகச் செய்வான்” என்று அந்தப் பாத்திரத்தைக் கொடுப்பது கொடுமை. சிரிப்புக்காக ‘விசரன்’ என்று ஒரு வசனம் இருக்குமே (எந்தப் பாடசாலை நாடகத்தில்தான் இல்லை?), அதையும் எடுத்துவிடுங்கள்; அதைக் கேட்டபின் எந்தப் பிள்ளை உதவி கேட்டு வரும்?

ஆலோசனை ஆசிரியர் வாசலருகே இருக்கட்டும். இடையில் எழுந்து வெளியே போகும் பிள்ளைக்குப் பின்னால் போகவேண்டியவர் அவர். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐக் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் எழுதினால்தான், தேவைப்படுகிற பிள்ளையும் கூச்சமில்லாமல் எழுதும்.