லக்சம்பர்க்கில் எந்த மொழியை முதலில் படிப்பது?

கேள்வி: கணவருக்கு லக்சம்பர்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழு வயது மகனோடு நானும் போகிறேன். அலுவலகத்துக்கு ஆங்கிலம் போதுமாம். ஆனால் அங்கே பிரெஞ்சு, ஜெர்மன், லக்சம்பர்கிஷ் என்று மூன்று மொழிகள் இருக்கின்றனவே. எதை முதலில் படிப்பது?

பதில்: உங்களுக்குப் பிரெஞ்சு. கடை, உணவகம், மருத்துவமனை எங்கும் பிரான்ஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்கள் நிறையப் பேர். சட்டங்களும் பிரெஞ்சில்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1839 லண்டன் ஒப்பந்தத்தில் லக்சம்பர்க்கின் மேற்குப் பாதி, அதாவது பிரெஞ்சு பேசிய பகுதி, பெல்ஜியத்துக்குப் போய்விட்டது. மிஞ்சிய மக்கள் பேசியது ஜெர்மன் குடும்பத்து மொழி. ஆனாலும் 1795 முதல் சுமார் இருபது ஆண்டுகள் நடந்த பிரெஞ்சு ஆட்சியும் நெப்போலியனின் சிவில் சட்டமும் விட்டுப்போன பிரெஞ்சை அவர்கள் கைவிடவில்லை.

மகன் விஷயம் வேறு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எழுதப் படிக்க வழக்கமாக ஜெர்மனில்தான் கற்றுத்தருவார்கள். அது சுமை என்று தோன்றினால், அரசே கட்டணமில்லாமல் நடத்தும் சர்வதேசப் பள்ளிகளில் ஆங்கிலப் பிரிவும் உண்டு. இடத்துக்கு இப்போதே விசாரியுங்கள்.

சரி, லக்சம்பர்கிஷ்? "அது ஜெர்மனின் ஒரு வட்டார வழக்குதானே" என்று அங்கே யாரிடமும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். 1940 மே மாதம் நாட்டைப் பிடித்த நாஜிகள் அதைத்தான் சொன்னார்கள். 1941 அக்டோபர் கணக்கெடுப்பில் குடியுரிமை, தாய்மொழி, இனம் என மூன்று கேள்விகள். மூன்றுக்கும் 'ஜெர்மன்' என்ற பதிலை எதிர்பார்த்தார்கள். மக்களோ மூன்றுக்கும் 'லக்சம்பர்கிஷ்' என்று எழுதினார்கள். கணக்கெடுப்பையே கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு இளைஞர்களைக் கட்டாயமாக ஜெர்மன் படையில் சேர்க்கப்போவதாக அறிவித்ததும் வேலைநிறுத்தம் வெடித்தது. 21 பேரைக் கொன்றார்கள். இத்தனைக்கும் பிறகு 1984-ல்தான் சட்டம் அதைத் தேசிய மொழி என்றது.

ஐந்து ஆண்டுகள் தங்கியபின் குடியுரிமை கேட்டால் தேர்வு இந்த மொழியில்தான். பயப்படாதீர்கள், எழுத்துத் தேர்வு கிடையாது. பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். பிரெஞ்சு ஓரளவு கைவந்ததும் மாலை வகுப்பில் சேருங்கள். அதுவரை வணக்கத்துக்கு 'மொயென்'. நன்றிக்கு 'மெர்சி', ஆமாம், பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் அதே மெர்சிதான்.