வாசகர் கேள்வி – பதில்: பில்லில் இருந்த அந்த ஒரு வரி

கேள்வி: எங்கள் திருமணத்தின் நாற்பதாவது ஆண்டு நாளன்று, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒரு பழைய பங்களாவைப் புதுப்பித்து நடத்தப்படும் உயர்தர உணவகத்துக்கு மகனும் மருமகளும் எங்களை அழைத்துச் சென்றார்கள். சாப்பாடும் உபசரிப்பும் மனநிறைவாக இருந்தன. பில் வந்தபோது, உணவுக்கான 4,200 ரூபாய்க்குக் கீழே 'சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்' என்று 420 ரூபாயும், அதன் பிறகு ஜிஎஸ்டியும் சேர்ந்து மொத்தம் 4,851 ரூபாய் என்றிருந்தது. அது என்ன தொகை என்று கேட்க என் கணவர் வாயெடுத்தார். "இந்த மாதிரி இடத்தில் கேட்டால் கேவலமாக நினைப்பார்கள், சும்மா இருங்கள்" என்று நான்தான் தடுத்துவிட்டேன். நான் செய்தது சரியா?
– வாசகி, சென்னை 28

பதில்: உங்கள் கணவர் கேட்டிருக்கலாம்; கேட்டிருக்க வேண்டும் என்றே சொல்வேன். தடுத்ததற்காக உங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் ஆசையாக அழைத்துச் சென்ற நாளில் ஒரு சிறு தொகைக்காகச் சர்வரிடம் பேச்சு வளர்ப்பதா என்ற தயக்கம் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. அந்தத் தயக்கத்தினால்தான் இந்த வரி பல பில்களில் யாரும் கேட்காமலே தங்கிவிடுகிறது.

உங்கள் பில்லில் இருந்த இரண்டு தொகைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஜிஎஸ்டி என்பது அரசுக்குப் போகும் வரி. 2017 நவம்பர் 15 முதல், குளிர்சாதன வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியாக நடக்கும் உணவகங்களுக்கு அது 5 சதவீதம். மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி என்று பில்லில் இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள். சர்வீஸ் சார்ஜ் அப்படிப்பட்டதன்று. அது உணவகம் தானாகவே விதித்துக்கொண்டு, தன்னிடமே வைத்துக்கொள்ளும் தொகை. அது பரிமாறியவரின் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதை மேசையில் உட்கார்ந்திருக்கும் நம்மால் அறிய முடியாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இந்தக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்றும், வேறு பெயரிலும் வசூலிக்கக்கூடாது என்றும், கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளரின் விருப்பம் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும், கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமலோ அவருக்குப் பரிமாறாமலோ இருக்கக்கூடாது என்றும் கூறுகின்றன. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடர்ந்ததால் அந்த மாதமே இவற்றுக்கு இடைக்காலத் தடை விழுந்தது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 4,200 ரூபாய்க்கு 5 சதவீத வரி 210 ரூபாய். ஆக நீங்கள் கொடுக்க வேண்டியிருந்தது 4,410 ரூபாய். ஆனால் அவர்கள் 420 ரூபாயைச் சேர்த்துவிட்டு, அந்த 4,620 ரூபாய்க்கு வரி போட்டிருக்கிறார்கள். அதாவது, கட்டாயமில்லாத ஒரு கட்டணத்துக்கு 21 ரூபாய் வரியும் கட்டியிருக்கிறீர்கள். சர்வீஸ் சார்ஜைச் சேர்த்து அந்த மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடக்கூடாது என்றும் அதே நெறிமுறைகளில் இருக்கிறது.

அடுத்த முறை, பணம் கொடுப்பதற்கு முன், "சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மறுத்தால் மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் பில்லைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம். இதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

பரிமாறியவரை மறந்துவிட வேண்டாம். மணிக்கணக்காக நின்றுகொண்டே, உங்கள் கணவருக்குக் காரம் ஆகாது என்பதை நினைவில் வைத்து ஒவ்வொரு பதார்த்தத்தையும் விசாரித்துக் கொண்டுவந்தவர் அவர்தான். உங்களுக்கு மனமிருந்தால் டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்கள். அதற்கு வரியும் கிடையாது.

கேள்வி: இப்படிப்பட்ட உணவகம் ஒன்றில், உட்கார்ந்ததுமே கேட்காமல் மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டார்கள். பாட்டிலில் அச்சிட்டிருந்ததைவிட அதிக விலை வாங்கினார்கள். இது சட்டவிரோதம் இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விலையைப் பொறுத்தவரை, இல்லை. உட்காரும் இடம், பரிமாறும் சேவை எல்லாம் சேர்ந்தே அங்கு விற்கப்படுகின்றன என்பதால், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியதற்காக உணவகங்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கேட்காமல் திறந்ததுதான் தவறு. பாட்டிலோடு வரும்போதே, மூடியைத் திருகுவதற்கு முன், "சாதாரணத் தண்ணீர் போதும்" என்று சொல்லிவிடுங்கள். வடிகட்டிய தண்ணீரைத் தர மறுத்த நல்ல உணவகம் எதையும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: முதல் சம்பளத்தில் தஞ்சாவூரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஒரு பெரிய உணவகத்துக்கு அழைத்துப்போக இருக்கிறேன். அப்பாவுக்கு மீன் என்றால் உயிர். ஆனால் முள்கரண்டியில் சாப்பிட வராது. என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: முதலில் வாழ்த்துகள். அப்பா கையாலேயே சாப்பிடட்டும். முள் எடுத்து மீன் சாப்பிடுவதற்கு விரல்களைவிட நல்ல கருவி கிடையாது. உட்கார்ந்ததும், முள்கரண்டியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போகும்படி சர்வரிடம் சொல்லி, முடிவில் கை கழுவ வெந்நீர்க் கிண்ணம் வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

மீன் விஷயத்தில் ஒன்றை அவசியம் கவனியுங்கள். முழு மீன், நண்டு, சிங்கி இறால் போன்றவற்றுக்கு நேரே சில மெனு கார்டுகளில் விலைக்குப் பதிலாக 'ஏபிஎஸ்' என்று போட்டிருப்பார்கள். அளவுக்கு ஏற்ற விலை என்று அதற்குப் பொருள். எடை எவ்வளவு, அந்த எடைக்கு என்ன விலை என்று சமைக்கப் போகும் முன்பே கேளுங்கள். மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்வதும் வழக்கத்தில் உள்ளதுதான். வஞ்சிரத்தைப் பார்த்தவுடனே அது புதியதா இல்லையா என்று அப்பா சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு பதார்த்தமும் எத்தனை பேருக்குப் போதும் என்று கேட்டு, முதலில் குறைவாகச் சொல்லுங்கள். விலைப் பட்டியலைப் பார்த்து அம்மா "எனக்குப் பசியில்லை" என்று சொல்லக்கூடும். அதனால் அவருக்கு என்ன வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு, மெனு கார்டை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.