திரும்பி வந்த பிறகு யார் பார்ப்பார்கள்?

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது. இரண்டு முழங்கால் மூட்டுகளும் தேய்ந்துவிட்டதால், இரவில் வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இங்கே அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்புப் பட்டியல் மிக நீளம். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் பாதிச் செலவில் இரண்டு மூட்டுகளையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்றும், பத்தாம் நாள் விமானம் ஏறிவிடலாம் என்றும் ஒரு முகவர் உறுதி கூறுகிறார். இந்த வாரமே முன்பணம் கட்ட வேண்டும் என்று தம்பி அவசரப்படுத்துகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. போகலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அறுவை சிகிச்சை வார்டுகளில் நீண்ட காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக, வெளிநாட்டில் சிகிச்சை பெறுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வேறு நாட்டுக்குச் சென்று நல்லபடியாக நடந்து திரும்பியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். முகவர் உங்களிடம் அறுவை சிகிச்சை நாளைப் பற்றியும் செலவைப் பற்றியும் மட்டுமே பேசியிருக்கிறார். மூட்டு மாற்றத்தில் அந்த ஒரு நாளைவிட, அதன் பின் வரும் மூன்று மாதங்களே உங்கள் தாயார் நடப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அந்த மூன்று மாதங்களுக்கு யார் பொறுப்பு என்று நீங்கள் முகவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பத்தாம் நாள் விமானப் பயணம் என்பதுதான் என்னை முதலில் திடுக்கிட வைத்தது. மூட்டு மாற்றத்துக்குப் பிறகு காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து பல வாரங்களுக்கு நீடிக்கிறது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், இந்த ஆபத்து சாதாரண மனிதருக்கே ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த கால்களோடு போகிறவருக்கு அது இன்னும் எவ்வளவு கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் பல மருத்துவர்கள் நீண்ட விமானப் பயணத்தை ஆறு வாரங்களுக்காவது தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். அது மட்டுமல்ல, பத்தாம் நாளில் வீக்கம் வடியாத இரண்டு முழங்கால்களையும் விமான இருக்கையின் குறுகிய இடைவெளிக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் இருவர் தாங்கிப் பிடிக்க, உங்கள் தாயார் அந்தப் பயணத்தை எப்படிக் கடப்பார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு மூட்டுகளையும் ஒரே நாளில் மாற்றுவது தகுந்த நோயாளிகளுக்குச் செய்யப்படுகிற சிகிச்சைதான். ஆனால் அது இதயத்துக்குத் தரும் சுமை அதிகம். இரத்த இழப்பும் அதிகம். இதயப் பரிசோதனை, சர்க்கரை அளவு, இரத்த அணு எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் எடுக்க வேண்டிய முடிவை ஒரு முகவர் எடுத்துச் சொல்வதை நீங்கள் ஏற்கக் கூடாது. கத்தியைப் பிடிக்கப்போகிற மருத்துவரின் பெயரைக் கேளுங்கள். அவருடன் காணொலியில் நேரடியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு இடம் தராத மருத்துவமனைக்கு என் தாயாரை நான் அனுப்ப மாட்டேன்.

மருத்துவமனைக்குப் பன்னாட்டுத் தரச்சான்று இருக்கிறது என்று முகவர் காட்டக்கூடும். 1999 முதல் பல நாடுகளின் மருத்துவமனைகளுக்கு ஜேசிஐ (ஜாயின்ட் கமிஷன் இன்டர்நேஷனல்) என்ற தர மதிப்பீட்டு அமைப்பு அளித்துவரும் சான்று மதிப்புள்ளதுதான். தொற்றுத் தடுப்பு, மருந்துப் பாதுகாப்பு, நோயாளியை அடையாளம் காணும் முறை போன்றவற்றை அது சோதிக்கிறது. ஆனால் அது மருத்துவமனையின் நடைமுறைக்குத் தரப்படும் சான்று. உங்கள் தாயாருக்கு அறுவை செய்யும் ஒரு மருத்துவரின் கைத்திறனுக்குத் தரப்படுவது அன்று.

மொழி தெரியாத நாடு என்றால், ஒப்புதல் படிவத்தை விளக்கப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். உடன் செல்லும் மகனோ மகளோ விளக்கினால், பயமுறுத்தும் பகுதிகளை அன்பின் காரணமாகவே விட்டுவிடுவார்கள். இதைப் படுக்கையோரத்தில் நின்று நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆவணங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் பெரியம்மாவுக்கு வேறொரு நாட்டில் இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அது தளர்ந்தபோது, எந்த நிறுவனத்தின் மூட்டு, என்ன அளவு என்று இங்குள்ள மருத்துவர் கேட்டார். எங்களிடம் இருந்தவை கட்டண ரசீதும் ஒரு எக்ஸ்ரே படமும்தான். பொருந்தும் உதிரிப் பாகத்தையும் பழையதைக் கழற்றும் கருவியையும் வரவழைக்க அந்த விவரம் தேவைப்பட்டது. கடிதங்களுக்குப் பதில் வரும்வரை அவர் வாரக்கணக்கில் வலியோடு படுத்திருந்தார். ஒவ்வொரு செயற்கை மூட்டின் பெட்டியிலும் அதன் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும்; அவற்றை அறுவைக் குறிப்பேட்டில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கத்தின் நகல் கைக்கு வராமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டு ஆகியவற்றோடு, மருந்துகளின் வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயர் எழுதிய சீட்டும் வேண்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

செயற்கை மூட்டில் கிருமித் தொற்று மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம். திரும்பியபின் காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்தாலோ, கசிந்தாலோ, வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியிருந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் நோயாளிகளோடு எல்லை கடப்பதால், எந்தப் பரிசோதனை, எந்த மருந்து என்பதே அந்தத் தகவலால் மாறும்.

பணத்தைப் பொறுத்தவரை, பேசிய தொகையில் தீவிர சிகிச்சைப் பிரிவும், சிக்கல் ஏற்பட்டால் கூடுதலாகத் தங்கும் நாட்களும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சிகிச்சைக்காகவே செல்லும் பயணத்தைச் சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. தவறு நேர்ந்தால் வழக்கும் பெரும்பாலும் அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் நடக்கும்.

உங்கள் தம்பியின் அவசரம் தாயாரின் வலியைக் கண்டு வந்தது. அவரோடு வாதாட வேண்டாம். இந்த வாரம் இருவருமாக உங்கள் ஊர் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வேறிடத்தில் அறுவை செய்துகொண்டு வந்தால் பிறகு பார்த்துக்கொள்வீர்களா, முழங்காலை மடக்கப் பழக்கும் பிசியோதெரபியை எங்கே தொடங்குவது என்று கேளுங்கள். மற்றவர் செய்த அறுவையைத் தொடர்ந்து கவனிக்கத் தயங்கும் மருத்துவர்கள் உண்டு. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அவர் சம்மதித்தால், ஒரு காலை மட்டும் முதலில் செய்து, அங்கேயே ஆறு வாரங்கள் தங்கித் திரும்ப எவ்வளவு ஆகும் என்று முகவரிடம் புதிய கணக்கு கேளுங்கள். அந்தக் கணக்கு வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். வலிக்கு இடைக்கால மருந்தோ, மூட்டில் போடும் ஊசியோ தர முடியுமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தாயார் இன்றிரவு உறங்க வேண்டுமல்லவா.