எட்டாம் வகுப்பு முடித்து ஹைஸ்கூலுக்குப் போகும் மகளை எப்படித் தயார் செய்வது?

கேட்டிருப்பவர் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துக்காரர். மகள் ஊரிலேயே அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், ஜூனில் பஸ் ஏறி ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும், இப்போதே டியூஷனில் சேர்க்கவா, இல்லை தனியார் ஆங்கில வழிப் பள்ளிக்கே மாற்றிவிடவா என்று கேட்கிறார்.

நான் இதே மாவட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான்தான் கிளாஸ் டீச்சர் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது.

சில வருஷங்களுக்கு முன்னால் வகுப்பில் முதலாவதாக வந்த ஒரு பிள்ளை, ஜூன் இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தாள். புது யூனிஃபார்ம், நனைந்த குடை, உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்ன மக்களே, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டால் பதில் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள், இன்னொரு செம்பு கேட்டாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து காலையில் வீட்டை விட்டால் சாயங்காலம் வரை அவள் தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. "யாருட்டயாவது கேட்டிருக்கலாமே பிள்ளே" என்றேன். "யாருட்ட டீச்சர் கேக்க? ஒருத்தரையும் தெரியாதே. வெக்கமாட்டு இருந்து" என்றாள்.

எட்டு வருஷம் எங்கள் கையில் வளர்ந்த பிள்ளை. எங்கள் பள்ளியில் வாசலில் நின்று கூப்பிட்டால் கடைசி வகுப்புக்குக் கேட்கும், எல்லா டீச்சருக்கும் அவளுடைய வீட்டுப் பெயர் வரை தெரியும், அங்கே அவள் யாரிடமும் எதையும் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால் டியூஷனுக்கு முன்னால் நான் சொல்வது, ஏப்ரலிலேயே ஒரு வேலை நாளில் மகளைச் சேரப் போகிற பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆபீஸில் சொல்லிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். பாத்ரூம், தண்ணீர்க் குழாய், சத்துணவு வாங்கும் இடம், ஒன்பதாம் வகுப்பு இருக்கும் கட்டடம். வழி கேட்பது அவளாக இருக்கட்டும், நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். நான் இப்போது எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு பிள்ளையும் தெரியாத ஒரு பெரியவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்லிவிடுவேன். போன வருஷம் ஒரு பையன் வாட்ச்மேன் முன்னால் அஞ்சு நிமிஷம் சட்டை நுனியைத் திருகிக்கொண்டே நின்றான், கடைசியில் "அண்ணா, தண்ணி எங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன்தான் எல்லாரையும் விடச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தான்.

சரி, படிப்பு. சும்மா டியூஷனில் போடாதீர்கள், முதலில் எங்கே ஓட்டை என்று பாருங்கள். ஒரு தாளில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள், மைனஸ் ஏழோடு மூன்றைக் கூட்டச் சொல்லுங்கள். முதல் கணக்குக்கு 2/5 என்றோ இரண்டாவதற்கு மைனஸ் பத்து என்றோ எழுதினால் கோளாறு ஐந்து, ஆறாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்கிறது. எட்டு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை, அதனால் அந்த ஓட்டை அப்படியே மூடிக்கிடந்து கூடவே வரும். ஒன்பதில் மெய்யெண்கள், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், அதோடு முதல் தடவையாக முக்கோணவியல் என்று வரும்போது பின்னமும் மைனஸ் குறியும் தடுமாறுகிற பிள்ளை புதுப் பாடம் புரியவில்லை என்றுதான் நினைத்துக்கொள்ளும். பாவம், அதற்குப் பாடம் புரிந்துதான் இருக்கும், பழைய கணக்குதான் காலை வாரும். மே மாதம் தினமும் அரை மணி நேரம் இந்த இரண்டை மட்டும் போட்டால் போதும். வாசிப்பும் அப்படித்தான். அறிவியல் முதல் பாடமே அளவீடு, வெர்னியர் அளவி எல்லாம் அதில் வரும், ஒரு பக்கம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி உங்களுக்குச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள்.

தனியார் பள்ளிக்கு மாற்றுவது பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், வேண்டாம். புது இடம், புது டீச்சர்கள், கூடவே பாஷையும் மாறினால் ஒரே வருஷத்தில் பிள்ளை எத்தனையைத்தான் தாங்கும்? அது மட்டுமில்லை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆறு, ஏழு, எட்டை அரசுப் பள்ளியில் முடித்துவிட்டு ஒன்பதில் தனியாருக்குப் போனால் இதெல்லாம் போச்சு. நம் மாவட்டத்தில் மிஷன் பள்ளிகள் நிறைய, அங்கே சேர்க்க நினைத்தாலும் ஒன்று தெரிந்திருக்கட்டும், அரசு உதவி பெறும் பள்ளிக்கு அந்த 7.5 கிடையாது.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வில் உங்கள் மகள் தேர்வாகியிருந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் வரும். டி.சி. கொடுக்கும்போதே புதுப் பள்ளி ஆபீஸில் இதைச் சொல்லிவிடுங்கள். தனியாருக்கு மாறினால் இதுவும் நின்றுவிடும்.

செலவும் யோசிக்க வேண்டும். எட்டு வரை கிடைத்த இலவச யூனிஃபார்ம் ஒன்பதில் கிடையாது, துணி எடுத்துத் தைக்கவும் வேண்டும். நம் பக்கம் பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் ஒரே நேரம், மரத்தில் மழை மறைப்பு, அதாவது ரெயின் கார்டு, போடாத ரப்பர் தோட்டத்தில் அப்போது பால் வெட்டும் நின்றுவிடும், கையில் காசு இருக்காது. மே மாதமே துணியைத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டால் ஜூனில் திண்டாட வேண்டாம். புத்தகமும் பஸ் பாஸும் இலவசம்தான். பத்து வரை சத்துணவும் உண்டு, ஆனால் பெரிய பள்ளிக்குப் போனதும் தட்டோடு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு மதியம் பட்டினி கிடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விடியும் முன் வெட்டுக்குப் போகிற வீடென்றால் காலையும் பாதி நாள் பாலில்லாத கட்டஞ்சாயாதான்.

முதல் இரண்டு வாரம் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்ன பாடம் நடந்தது என்று கேட்காதீர்கள். பக்கத்தில் யார் இருந்தாள், மதியம் யாரோடு சாப்பிட்டாய், தண்ணீர் குடித்தாயா என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டிலை நீங்களே வாங்கி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். காலையில் கொடுத்த மாதிரியே நிறைய இருந்தால் மறுநாளே பள்ளிக்கு ஒரு நடை போய்வாருங்கள்.