கல்ச்சர் தாள் முழுக்க ‘ஆர்’: புதிய மாத்திரைதான் வழியா?

கேள்வி: எனக்கு 54 வயது. மேற்கு மாம்பலத்தில் வசிக்கிறேன். மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோய் இல்லை. ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. காய்ச்சலோ இடுப்பு வலியோ இல்லை; எரிச்சல்தான் தாங்க முடியவில்லை. முதல் இரண்டு முறை மருந்துக் கடையில் சிப்ரோஃப்ளாக்ஸசின் வாங்கிச் சாப்பிட்டேன், சரியாயிற்று. இந்த முறை மருந்து கேட்கவில்லை. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஈகோலை கிருமி என்றும், பல மருந்துகளுக்கு எதிரே ‘ஆர்’ என்றும் வந்திருக்கிறது. தாளின் நகலை இணைத்துள்ளேன். அமெரிக்காவில் புதிய மாத்திரை வந்திருப்பதாகப் படித்தேன். எனக்கு இனி அதுதான் வழியா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் தாளை வரிவரியாகப் பார்த்தேன். சிப்ரோஃப்ளாக்ஸசின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்ஸோன், கோட்ரைமாக்ஸசோல் எல்லாவற்றுக்கும் ‘ஆர்’. இந்தக் கிருமி அவற்றுக்கு மசியாது. ஆனால் பட்டியலின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். நைட்ரோஃபியூரன்டோயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டுக்கும் ‘எஸ்’, அதாவது கிருமி இவற்றுக்குக் கட்டுப்படும் என்று இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய மருந்து அங்கேயே இருக்கிறது.

இரண்டும் பழைய மருந்துகள். நைட்ரோஃபியூரன்டோயின் 1950களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. அது ரத்தத்தில் அதிகம் தங்காமல் சிறுநீரில் போய்ச் சேரும். அதனால் சளிக்கும் காய்ச்சலுக்கும் யாரும் அதை எழுதுவதில்லை. கண்டதற்கெல்லாம் கொடுக்கப்படாததால்தான் இன்னும் வேலை செய்கிறது. சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. வயிற்றுப்போக்கா, காய்ச்சலா, எதற்கும் அதுதான் என்று கடைக் கல்லாவிலேயே வாங்கி விழுங்கிப் பழகிவிட்டோம். அட்டையில் ஓடும் சிவப்புக் கோட்டுக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது என்று பொருள். தயவுசெய்து இனி அப்படி வாங்காதீர்கள்.

நைட்ரோஃபியூரன்டோயின் வழக்கமாக ஐந்து நாள் மருந்து. எரிச்சல் இரண்டாம் நாளே அடங்கிவிட்டாலும் ஐந்து நாளும் சாப்பிட வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அது ஒத்துவராது. ஆகவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே தொடங்க வேண்டும். ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் தூள். தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு வேளை குடிப்பது. உங்களுக்கு எது என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் படித்தது ஜெபோடிடாசின் மாத்திரையாக இருக்கும். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமி தன் மரபணுவைப் படியெடுக்க உதவும் நொதிகளைத் தடுக்கிறது. சிப்ரோஃப்ளாக்ஸசினும் அதே நொதிகளைத்தான் தாக்குகிறது என்றாலும், இது பிடிக்கும் இடம் வேறு. உண்மையிலேயே நல்ல வரவு. ஆனால் அனுமதிக்கு முந்தைய ஆய்வுகளில் அதை எதோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? உங்கள் தாளில் ‘எஸ்’ என்றிருக்கும் அதே நைட்ரோஃபியூரன்டோயினோடு! பழையது கேட்கும் இடத்தில் புதியதைத் தொட வேண்டியதில்லை. வேறு வழியே இல்லாத நோயாளிக்கு அது மிஞ்ச வேண்டும்.

அடுத்த முறை கல்ச்சர் கொடுக்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்துவிடுங்கள். சென்னை வெயிலில் டப்பா பையிலேயே கிடந்தால் கிருமிகள் அதற்குள்ளேயே பெருகி, முடிவு பொய்யாகிவிடும். தொந்தரவு எல்லாம் நீங்கிய பிறகு, ‘போய்விட்டதா பார்ப்போம்’ என்று மறுபடி கல்ச்சர் வேண்டாம். அறிகுறி இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப்பாதை அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களையும் தவிர, பெரும்பாலோருக்கு மருந்து தேவையில்லை.

திரும்பத் திரும்ப வருவதற்கு உங்கள் வயதில் முக்கியக் காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவது. பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து, அங்கே காவல் இருக்கும் நல்ல கிருமிகள் குறைந்துவிடுகின்றன. அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகப் பலன் தருகிறது. கேட்கக் கூச்சப்பட்டே பலர் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். மகளிர் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீர் கழித்த பின் சிறுநீர்ப்பையில் மிச்சம் தங்குகிறதா என்று ஒரு ஸ்கேனும் எடுத்துப் பார்க்கலாம். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். பார்லி கஞ்சியும் இளநீரும் நல்லவையே, ஆனால் மருந்துக்கு மாற்றாகாது.

குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். அங்கே மேற்சொன்ன இரண்டு மருந்துகளும் போதாது. ஊசி மருந்து தேவைப்படலாம். அதிலும் புதியவை வந்துள்ளன. செஃபிபைம் என்ற ஊசி மருந்தோடு சேர்த்துத் தரப்படும் என்மெட்டாசோபாக்டாம், மருந்தைச் சிதைக்கும் கிருமியின் நொதியை முடக்குகிறது. நம் சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற மருந்து அது. அப்படிக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், இந்தக் கல்ச்சர் தாளையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.