லூபஸ் மறுபடி மறுபடி தலைதூக்குகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனை நாற்றங்காலில் வேலை. இரண்டு வருடமாக லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்). மாத்திரை சாப்பிட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் மூட்டெல்லாம் வீங்கி, கன்னம் சிவந்து, படுத்துவிடுகிறேன். நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஜாமு (மூலிகை நாட்டு மருந்து) சாப்பிட்டால் இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. அதையே தொடரலாமா? இது வரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முதலில் ஜாமுவைப் பேசிவிடுவோம் சகோதரி. லூபஸ் வீக்கத்தை இரண்டே நாளில் அடக்குகிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இலை, வேர் எதுவும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது; ஸ்டீராய்டு செய்யும். நம் மலேசியாவில் ஜாமு, மஜூன் போன்ற நாட்டு மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. பாக்கெட்டில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இல்லையென்றால் தொடவே வேண்டாம். எப்போதோ ஓரிரு நாள் சாப்பிட்டிருந்தால் இன்றோடு விட்டுவிடலாம். வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நின்றால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும். பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். நீங்கள் சாப்பிடுவது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்றால், அது வலி மாத்திரை இல்லை. நோய் மறுபடி கிளம்பாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பலன் தெரியவே இரண்டு மூன்று மாதம் ஆகும். நிறுத்தினாலும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கியிருக்கும். அதனால்தான் நிறுத்தியவர்கள் ஒரு மாதம் நன்றாக இருந்துவிட்டு, "பார், மாத்திரை இல்லாமலேயே நான் நல்லாத்தானே இருக்கிறேன்" என்பார்கள். அப்புறம் வீங்கும்போது, நிறுத்தியதுதான் காரணம் என்று தோன்றவே தோன்றாது. நாளடைவில் இது சிலருக்குக் கண்ணைப் பாதிக்கலாம் என்பதால், கண் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் கண்ணை உறுத்துவது நாற்றங்கால்தான். வளர்ந்த செம்பனைக் காட்டுக்குள் ஓரளவு நிழல் உண்டு. நாற்றங்காலில் தலைக்கு மேல் வெறும் வானம். வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சிதைக்கிறது. சிதைந்த அந்தத் துணுக்குகளைப் பார்த்து எதிர்ப்புச் சக்தி சீறுகிறது. கன்னம் சிவப்பதோடு அது நிற்பதில்லை, மூட்டு வரைக்கும் போகும். மேகமூட்டமான நாளிலும் கதிர் வரும். காலை பத்திலிருந்து நாலு மணிவரை வெட்டவெளி வேலை வேண்டாம் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கித் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தர்) கொடுங்கள். வாய்வார்த்தையாக மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) கெஞ்சுவதைவிடத் தாளுக்கு மரியாதை அதிகம். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, எஸ்பிஎஃப் 50 கிரீம் மூன்றும் வேண்டும். கிரீம் வியர்வையில் கரையும், இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூச வேண்டும்.

முன்கூட்டியே தெரியுமா? பலருக்குத் தெரியும். காலையில் விரல் மடக்க வழக்கத்தைவிட நேரமாவது, வாய்ப்புண், காரணமில்லாத அசதி இப்படித் தொடங்கும். ஒரு நோட்டில் வெயில், தூக்கம், தவறவிட்ட மாத்திரை, சளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் குறித்து வாருங்கள். தைப்பூசக் கூட்டத்தில் பகல் முழுக்க நின்று இரவும் விழித்த மறுவாரம் வீங்கிப் படுத்திருந்தால் நோட்டே சொல்லிவிடும்.

காய்ச்சல் வந்தால் மட்டும் 'இது லூபஸ்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும், இரத்தத் தட்டணுக்கள் குறையும், லூபஸிலும் அப்படியே. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதுவரை பாரசிட்டமால் போதும், கடையில் வேறு வலி மாத்திரை வாங்க வேண்டாம். சில மாத்திரைகள் டிங்கியில் இரத்தப்போக்கைக் கிளப்பும், லூபஸ்காரர்களின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

சிறுநீரகம் வலிக்காமலேயே கெடும். சிறுநீரில் நுரை நின்றாலோ, கணுக்கால் வீங்கினாலோ அரசாங்கக் கிளினிக்கில் அந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு, குழப்பமான பேச்சு என்றால் ஈப்போ மருத்துவமனையில் அடுத்த பரிசோதனைக்குக் கொடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சுங்கை சிப்புட் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே நேராகப் போய்விடுங்கள், மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு.