தண்ணியில நின்ன சம்பாவுக்கு காசு கொடுத்து 'சாட்டிலைட் ரிப்போர்ட்' வாங்கலாமா?

மன்னார்குடி பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. ரெண்டரை ஏக்கர் சம்பா மழையில மூழ்கிடுச்சாம், ஏக்கருக்கு ஆயிரம் கொடுத்தா சாட்டிலைட் ரிப்போர்ட் தர்றேன், இன்சூரன்ஸ் கட்டாயம் வரும்னு ஒரு ஆள் சுத்துறாராம், ஆனா அன்னிக்கு பூரா மேகமாச்சே படம் எப்படி விழும்னு இவருக்கு டவுட்டு.

மேகம் பிரச்சனையே இல்லண்ணே. இதுக்குன்னு இருக்குற சாட்டிலைட்ல கேமரா இல்ல, ரேடார். அது தானே ரேடியோ அலையை அனுப்பி திரும்பி வர்றத அளக்குது, மழை ராத்திரி எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். நடவுக்கு தண்ணி கட்டின வயல் படத்துல கருப்பா விழும், தூர் கட்டி வளர வளர வெளுக்கும், அத வச்சுத்தான் நெல்லுன்னே கண்டுபிடிக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இப்படித்தான் டெல்டாவுக்கு மேப் போடுது. அந்த மேப்பை விஏஓ ஆபீஸ் சுவத்துல ஒட்டினா என்ன கொறஞ்சு போகும்னு எனக்கு இன்னும் புரியல.

அந்த ஆள்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, சாட்டிலைட் என் வயலுக்கு மேல எந்த தேதி வந்துச்சு? முழிப்பாரு. ஐரோப்பாக்காரன் 2014ல விட்ட சென்டினல்-1ங்கிற ரேடார் சாட்டிலைட் படம் யாருக்கும் இலவசம், ஆனா ஒரு சாட்டிலைட் அதே தடத்துல திரும்பி வர 12 நாள் ஆகும், நடுவுல ஏறி வடிஞ்ச தண்ணி படத்துலயே இருக்காது. இப்படி ரிப்போர்ட் விக்கிறவங்க கூகுள் மேப்ப பிரிண்ட் போட்டு செவப்பு பெயிண்ட் அடிச்சு கொடுத்தாலும் உங்களுக்கு தெரியாது.

நிஜ படமா இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கு, இத நல்லா கவனிங்க. பயிர் முழுசா முங்கினாதான் கருப்பு. தோகை வெளிய தெரிஞ்சு இடுப்பளவு தண்ணி நின்னா ரேடார் அலை தண்ணியில பட்டு தண்டுல பட்டு திரும்பிடும், படம் வழக்கத்தை விட வெளுப்பா வரலாம். வேர் அழுகிட்டு இருக்கும், படத்த பாத்தா பயிர் ஜோரா இருக்குன்னு தோணும்! அந்த ரிப்போர்ட்ட நீங்களே காசு கொடுத்து வாங்கி நீட்டினா உங்களுக்கே ஆப்பு.

அத விடுங்க, நெல்லுக்கு இழப்பீடு பெரும்பாலும் உங்க வயல வச்சு இல்ல, வருவாய் கிராமத்தோட சராசரி மகசூல வச்சுத்தான், அத முக்கியமா முடிவு பண்றது அறுவடை பரிசோதனை, அதாவது ஊர்ல சில வயல அறுத்து எடை போட்டு பாக்குறது. 2026க்கு முன்னாடி வரைக்கும் உங்க வயல் மட்டும் பள்ளத்துல இருந்து மூழ்கி அழிஞ்சாலும் சராசரிதான் பாத்தாங்க, இந்த கொடுமைய எங்க போய் சொல்ல. அந்த ரெண்டாயிரத்து ஐநூறுக்கு வேற செலவு பாருங்க. அடங்கல்ல (விஏஓ தர்ற பயிர் பதிவு) இருக்குற சர்வே நம்பரும் பிரீமியம் ரசீதுல இருக்குற நம்பரும் ஒண்ணான்னு இன்னிக்கே பாருங்க, ஊர்ல பரிசோதனை அறுவடை நடக்குற அன்னிக்கு நாலு பேரா போய் பக்கத்துல நில்லுங்க, எடை போடுறத போன்ல வீடியோ எடுத்து வச்சுக்குங்க.